வேலூர் மட்டும் வேண்டாம்

ஜூன் 3, திங்கள்

காலையில் கேஸ் தீர்ந்தது. பக்கத்து வீட்டு அடுப்பில் பால் காய்ச்சி வந்து அத்தைக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். பீளமேட்டில் வழக்கமான நெரிசல்.

அலுவலகத்தில் புது விளையாட்டு உறுதியாகிவிட்டது. இதுவரை நாங்கள் செய்ததெல்லாம் கைப்பேசியில் பழம் உடைக்கிற சமாச்சாரம். இது வேறு. ஒரு முழு ஊரைக் கட்டி, ஆடுகிறவனை அதற்குள் அவிழ்த்துவிட வேண்டும். அவன் பைக் ஓட்டலாம், அடிதடிக்குப் போகலாம், ஒன்றும் செய்யாமல் டீக்கடை வாசலில் நிற்கலாம். அந்த ஊரைக் கட்டுவது என் பொறுப்பு. உலக வடிவமைப்பாளர் என்று பதவி. பெயருக்குக் குறைச்சல் இல்லை. சாக்கடை மூடி தெருவின் எந்தப் பக்கம் வர வேண்டும் என்று முடிவு செய்வதுதான் வேலை.

ஊருக்கு நாங்களே ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அச்சு நிஜ ஊராக இருக்க வேண்டும் என்றார் யாசின். அவர்தான் குழுத் தலைவர். கோட்டைமேட்டுக்காரர். கற்பனையில் கட்டிய ஊரில் யாருக்கும் வழி தெரியாது என்பது அவர் கட்சி. பலகையில் நான்கு பெயர்கள் எழுதினார். மதுரை, திருச்சி, நாகர்கோவில், வேலூர்.

வேலூர் மட்டும் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொன்னது, "நாகர்கோவில் நல்லா இருக்குங்க." நான் நாகர்கோவில் போனதே இல்லை.

ஜூன் 5, புதன்

நாகர்கோவிலுக்காக வாதாடினேன். மலை, காற்றாலை, பக்கத்திலேயே கடல், மழை என்று அடுக்கினேன். அந்த ஊர் எம்எல்ஏகூட அவ்வளவு பேசியிருக்க மாட்டார். டெல்பின் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவள் விளையாட்டுகளை ஆடிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கிறவள். குறை கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவளிடம் எதையும் மறைப்பது கஷ்டம்.

அவளிடம் ஏற்கெனவே ஒன்றை மறைத்திருக்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று கேண்டீனில் கேட்டாள், "அக்கா, வீட்டுக்காரர் எங்க இருக்கார்?" "வேலூர்ல" என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று சொன்னதல்ல. நீண்ட காலம் அதுதான் சரியான பதிலாக இருந்தது. வாய்க்குப் பழகியது வந்துவிட்டது. திருத்தியிருக்கலாம். அதற்குள் அவள் எலுமிச்சைச் சாதத்துக்கு ஊறுகாய் வாங்கப் போய்விட்டாள்.

பூபதி போன செப்டம்பரில் இறந்துவிட்டார். ரத்தத்தில் நோய். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி. எழுதிப் பார்த்தால் மூன்றே வரிதான் வருகிறது.

ஜூன் 10, திங்கள்

வேலூர் ஜெயித்துவிட்டது.

எங்கள் முறை இப்படி. வீடுகளுக்குப் பதில் சாம்பல் நிறப் பெட்டிகளை அடுக்கி, தெருக்களை மட்டும் நிஜ அளவில் வைத்து, ஒருவன் ஓட இன்னொருவன் துரத்துவான். ஓட்டம் சலிக்காத ஊர் எதுவோ அதுதான். நான்கு ஊருக்கும் பெட்டி அடுக்கியவள் நான்தான். நாகர்கோவிலுக்குக் கொஞ்சம் கூடுதலாக உழைத்தேன். வேலூரை வேண்டுமென்றே அரைகுறையாக வைத்தேன். அப்படியும் ஜெயித்துவிட்டது. மற்ற ஊர்களை வரைபடம் பார்த்து வைத்திருக்கிறேன், வேலூரை மட்டும் கால் போன பழக்கத்தில் வைத்திருக்கிறேன் போல. சந்துகள் எல்லாம் சரியாக இருந்தன.

"நாலா பக்கமும் மலை, நடுவுல கோட்டை, சுத்தி அகழி" என்றார் யாசின். "பாலாத்துப் பாலத்துல முறுக்குனா முறுக்குனபடியே போலாம். பஜாருக்குள்ள நுழைஞ்சா தொரத்தறவனும் சேர்ந்து தொலைஞ்சு போறான். இதுக்கு மேல என்ன வேணும்?"

பிறகு என் பக்கம் திரும்பினார். "கோகிலா, உங்க வீட்டுக்காரர் அங்கதான இருக்கார்? நீங்களே போயி போட்டோ எடுத்துட்டு வந்துருங்க. டெல்பினையும் கூட்டிட்டுப் போங்க. பழம் நழுவிப் பால்ல விழுந்த மாதிரி ஆச்சு."

சரிங்க என்றேன்.

ஜூன் 12, புதன்

சாம்பார் அடிபிடித்துவிட்டது. இருவரும் அதையே சாப்பிட்டோம். அத்தை மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டார்.

ஜூன் 19, புதன். வேலூர்

காட்பாடியில் இறங்கினோம். ரயிலில் வரும்போதே டெல்பின் கேட்டாள், "அண்ணா ஸ்டேஷனுக்கு வருவாராக்கா?" அவருக்குச் சென்னையில் வேலை, இந்த வாரம் இங்கே இல்லை என்றேன். அவள் முகம் வாடியது. பூபதிக்கென்று ஒரு டப்பா மைசூர்பாகு வாங்கி வந்திருந்தாள். அதைப் பார்த்தபோது மட்டும் எனக்கு என் மேலேயே எரிச்சலாக இருந்தது.

ஊர் மாறவில்லை. அதே வெயில். லாட்ஜ் தெருவில் அதே வங்காளிப் பலகைகள், அதே மீன் குழம்பு வாசனை. எங்கிருந்தெல்லாமோ வந்து, கையில் மருந்துச் சீட்டோடு, யாரிடம் எந்த மொழியில் கேட்பது என்று தெரியாமல் நிற்கிற அதே முகங்கள். இந்தத் தெருவில் அறை எடுப்பவர்கள் சுற்றுலாப் பயணிகள் இல்லை. மாதக்கணக்கில் தங்கி, தாங்களே சமைத்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்குப்பாத்திரத்தில் கொண்டுபோகிறவர்கள். அவர்களுக்கு அடுப்பும் பாத்திரமும் வாடகைக்குக் கொடுக்க ஒரு கடை உண்டு. காதர் பாய் கடை. அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போகலாம் என்றுதான் இருந்தேன். டெல்பின் நேராக அங்கே போய்க் கேமராவை வைத்தாள். அடுக்கிய குக்கர்கள் அவளுக்குப் பிடித்துவிட்டன.

பாய் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"இன்னாம்மா கோயம்புத்தூரு, வூட்டுக்காரு எப்டிக்கீறாரு?"

டெல்பின் திரும்பிப் பார்த்தாள்.

"நல்லாருக்காருங்க பாய்."

அவர் இரண்டு கைகளையும் உயர்த்தி முகத்தில் தடவிக்கொண்டார். "அல்ஹம்துலில்லாஹ். இங்கேர்ந்து போறவங்கோ யாரும் திரும்பி வந்து சொல்றதில்லம்மா. நல்லா ஆனாங்களா இல்லியான்னு நமக்குத் தெரியறதே இல்ல. அடுப்ப குடுத்துட்டு அப்டியே போய்டுவாங்கோ. நீ ஒருத்திதான் வந்து சொல்லிக்கீற." கடைப் பையனை அனுப்பி டீ வாங்கி வரச் சொன்னார். எதிர்க் கடைக்காரரையும் கூப்பிட்டுச் சொன்னார், இந்தப் பொண்ணு புருஷன் பொழச்சிக்கினாரு என்று.

டீயைக் குடித்தேன். டெல்பின் மேற்கொண்டு படம் எடுக்கவில்லை. லாட்ஜுக்குத் திரும்பும்போது, "அண்ணாவுக்கு உடம்பு சரியில்லாம இருந்துச்சா அக்கா? சொல்லவே இல்லையே" என்றாள். இப்போது பரவாயில்லை என்றேன். அவளும் விட்டுவிட்டாள்.

ஜூன் 20, வியாழன். வேலூர்

நாள் முழுவதும் படம். கோட்டைச் சுவர், அகழியின் பாசி, சிறைச்சாலை மதில், பஜாரில் மின்கம்பத்தில் தொங்கும் வயர், ஷட்டர், படிக்கட்டு, தண்ணீர்த் தொட்டி. ஒரு சுவரையே கிட்டத்தில், தூரத்தில், வெயிலில், நிழலில் எடுக்க வேண்டும். வேடிக்கை பார்த்த ஒருவர் நாங்கள் மாநகராட்சியா என்று கேட்டார். ஆக்கிரமிப்பு எடுக்க வந்திருக்கிறோம் என்று நினைத்துத் தன் கடைப் பலகையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரிக்கு வெளியே நின்று முன்வாசலை எடுத்தேன். உள்ளே போகிறவர்கள், வெளியே வருகிறவர்கள், காத்திருப்பவர்கள். பின்பக்கச் சந்தின் படங்களை எடுத்துவரும்படி டெல்பினிடம் சொன்னேன்.

"நீங்க வரலையாக்கா?"

"எனக்கு அது வேண்டாம். தெரியும்."

ஜூன் 21, வெள்ளி

வீடு வந்து சேர்ந்தேன். துணிகளை ஊற வைத்தேன். மைசூர்பாகு டப்பாவை அத்தையிடம் கொடுத்தேன். யாருக்கு வாங்கியது என்று சொல்லவில்லை.

அத்தை கூடத்தில் முறத்தில் பருப்பு புடைத்துக்கொண்டிருந்தார். பூபதி இறந்தபின் மாமியாரும் மருமகளும் சண்டை போட்டதில்லை. முன்பெல்லாம் வாரம் ஒருமுறையாவது போடுவோம்.

"அந்த பாய் கட இருக்குதா கண்ணு?"

"இருக்குதுங்க."

"கேட்டாரா?"

"கேட்டாருங்க."

"நீ என்ன சொன்ன?"

"நல்லாருக்காருன்னு சொன்னேன்."

அத்தை முறத்தை இரண்டு முறை தட்டினார். "நல்லதாப் போச்சு. அந்த மனுசனாச்சும் சந்தோசமா இருக்கட்டும்" என்றார். பிறகு உள்ளே போய்விட்டார். குழாய் திறந்திருக்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

ஜூலை 8, திங்கள்

ஊரைச் சுருக்கிக்கொண்டிருக்கிறேன். நிஜ ஊரை அப்படியே வைத்தால் ஆடுகிறவன் போய்ச் சேர்வதற்குள் சலித்துவிடுவான். நாலு தெருவைத் தட்டி ஒரு தெருவாக்க வேண்டும். எதை விடுவது என்பதுதான் கேள்வி. பள்ளிக்கூடங்களை விட்டேன். கல்யாண மண்டபங்களில் ஒன்று போதும். லாட்ஜ் தெருவில் பாதியைக் கழித்தேன். பாய் கடை இருக்கிறது, டெல்பின் விடமாட்டேன் என்றுவிட்டாள்.

ஆஸ்பத்திரியையும் எடுத்துவிடலாம் என்றேன். பெரிய கட்டடம், கணினிக்குப் பாரம், கதையில் அதற்கு வேலையும் இல்லை. நல்ல காரணங்கள்தான்.

யாசின் சிரித்தார். "ஆஸ்பத்திரி இல்லாட்டி செத்தவன் எங்கிருந்து வருவான்?"

அவர் கேட்டது நியாயம். இந்த மாதிரி விளையாட்டில் ஒருவன் லாரியில் அடிபட்டோ, பாலத்திலிருந்து விழுந்தோ செத்துப்போனால் திரை கறுப்பாகும். கொஞ்ச நேரத்தில் வெளிச்சம் வரும். அவன் ஆஸ்பத்திரி வாசலில் முழுசாக நின்றுகொண்டிருப்பான். காயம் கிடையாது, தழும்பு கிடையாது. நடந்து ரோட்டுக்கு வந்து விட்ட இடத்திலிருந்து ஆடலாம். எங்கள் தொழிலில் எல்லோரும் ஒப்புக்கொண்ட வழக்கம் இது. யாரும் ஏன் என்று கேட்பதில்லை. நானும் பூபதியும் இப்படிப்பட்ட ஆட்டங்களைச் சேர்ந்தே ஆடியிருக்கிறோம். அவர் நிறைய சாவார்.

அவன் முழித்துக்கொள்ளும் இடத்தை ஸ்பான் என்போம். அதைக் குறிப்பதும் என் வேலைதான்.

ஜூலை 22, திங்கள்

ஆஸ்பத்திரியைக் கட்டி முடித்தேன். ஸ்பான் வைத்தேன். அத்தைக்கு மூட்டு வலித் தைலம் வாங்க வேண்டும்.

ஜூலை 30, செவ்வாய்

மழை. துணி காயவில்லை.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

டெல்பின் குறைப்பட்டியலில் எழுதியிருந்தாள்: செத்தவன் தப்பான இடத்தில் எழுகிறான். பின்பக்கச் சந்தில், சுவரைப் பார்த்தபடி. பின்னால் ஆம்புலன்ஸ் நிற்பதால் நகர வழியில்லை.

வேண்டுமென்று வைத்ததல்ல. முன்வாசலில் வைத்ததாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். திறந்து பார்த்தேன். உண்மைதான், பின்பக்கம்தான். டெல்பின் எடுத்துவந்த படங்களில் அந்தச் சந்தில் ஆம்புலன்ஸ் இல்லை. அன்றைக்கு வண்டிகள் எதுவும் வந்திருக்கவில்லை போல. அங்கிருந்த ஜெனரேட்டரை ஒட்டி, கதவு சந்தைப் பார்த்தபடி ஒரு வண்டியை நான்தான் நிறுத்தியிருக்கிறேன். எப்போது நிறுத்தினேன் என்று நினைவில்லை.

அந்த வழியாகத்தான் பூபதியை வெளியே கொண்டுவந்தோம். இறந்தவர்களை முன்வாசல் வழியாக அனுப்ப மாட்டார்கள். அங்கே காத்திருப்பவர்கள் பார்க்கக் கூடாது அல்லவா, சரியான ஏற்பாடுதான். நானும் அவரும் முன்வாசல் வழியாகப் போவது பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். வெளியே வந்ததும் அவர் நேராகப் பேருந்து நிலையம் போக வேண்டும் என்பார். நான் முதலில் சாப்பிட வேண்டும் என்பேன். அதற்கு ஒரு சண்டை. ஆம்புலன்ஸில் அத்தை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஓட்டுநர் நல்ல மனிதர். சேலம் தாண்டி நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தார். சர்க்கரை அதிகம் என்று அவரிடம் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு எப்படித் தோன்றியது என்று தெரியவில்லை.

பட்டியலில் அந்தக் குறைக்கு எதிரே 'திருத்தத் தேவையில்லை' என்று போட்டு மூடினேன்.

ஆகஸ்ட் 7, புதன்

டெல்பின் மறுபடி திறந்தாள். நான் மறுபடி மூடினேன். மத்தியானம் யாசினே என் மேசைக்கு வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"என்ன கோகிலா, சின்ன விஷயம். நாலடி தள்ளி வெச்சா முடிஞ்சுது. எதுக்கு இந்த வீம்பு?"

"செத்தவங்க அந்த வழியாத்தாங்க வருவாங்க."

"நம்மாளு செத்தும் சாகலையே."

"என்ற வீட்டுக்காரர அந்த வழியாத்தான் கொண்டு வந்தோம்."

மின்கட்டணம் கட்டியாயிற்று என்று சொல்வது போலத்தான் சொன்னேன். யாசின் என் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வேலூர்ல இருக்கார்னு..."

"இருந்தாருங்க."

"ஏங்க, அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. வேலூர் வேண்டாம்னு ஒரு வார்த்தை."

"நாகர்கோவில்னு சொன்னேனுங்களே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். டெல்பின் இரண்டு மேசை தள்ளி நின்றாள், கேட்டுவிட்டாள். யாசின், இந்த வேலையைத் தானே செய்துவிடுவதாகச் சொன்னார், ஒரு வாரம் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார். லீவு எடுத்து வீட்டில் என்ன செய்வது. வேண்டாம், நானே மாற்றுகிறேன் என்றேன். மாற்றினேன். முன்வாசல், படிக்கட்டின் கீழ், ரோட்டைப் பார்த்தபடி. ஆம்புலன்ஸையும் எடுத்துவிட்டேன்.

மாலையில் டெல்பின் பேருந்து நிறுத்தம் வரை கூடவே வந்தாள். அது எனக்குப் பிடித்திருந்தது.

ஆகஸ்ட் 12, திங்கள்

முன்வாசல் காலியாக இருப்பது நன்றாக இல்லை. அங்கே எப்போதும் யாராவது காத்திருப்பார்கள். ஒரு பெண்ணை வைத்தேன். காட்டன் புடவை, தோளில் பை, கையில் பிளாஸ்க். தெருவில் நடமாடும் மனிதர்களுக்கு எல்லாம் ஆளுக்கொரு வசனம் உண்டு, ஆடுகிறவன் பக்கத்தில் வந்தால் சொல்வார்கள். அவளுக்கும் ஒன்று வேண்டும் என்று ஒலி பார்க்கும் சஞ்சீவி வந்து நின்றான். நடிகர்கள் வரும்வரை தற்காலிகக் குரல்களை அலுவலகத்தில் இருப்பவர்களே பேசுவது வழக்கம். யாசின்தான் எங்கள் ஊர்ப் போலீஸ்காரர்கள் அத்தனை பேரும்.

பழைய சாமான் அறையில் சுற்றிலும் கம்பளி தொங்கவிட்டு மைக் வைத்திருக்கிறார்கள். உள்ளே புழுக்கம். சஞ்சீவி எழுதி வைத்திருந்தது: 'உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.' படித்தேன்.

"அக்கா, ரயில்வே அறிவிப்பு மாதிரி இருக்குதுங்க்கா."

மறுபடி படித்தேன்.

"அது வேண்டாங்க்கா. பேப்பர விடுங்க. அவ ரொம்ப நேரமா நிக்கறா. உள்ள இருந்தவன் வெளிய வந்துட்டான். வீட்ல எப்பிடிக் கூப்புடுவீங்களோ அப்பிடிக் கூப்புடுங்க." அவனுக்கு விஷயம் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டான்.

"ஏனுங்க, இத்தன நேரமா? வாங்க, போலாம்."

சஞ்சீவி கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கட்டைவிரலை உயர்த்தினான். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை. கம்பளியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். இறந்த அன்று அழவில்லை, மயானத்திலிருந்து எல்லோரும் திரும்பி வந்தபோதும் அழவில்லை, சொந்தக்காரர்கள் அதைப் பற்றி ஒரு மாதிரி பேசினார்கள். அவர் வரவே மாட்டார் என்பது அந்தப் புழுக்கமான அறையில்தான் எனக்குத் தெரிந்தது. டெல்பின் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். பாவம் சஞ்சீவி, தான் என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் வெளியே நின்றுகொண்டிருந்தான்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

கண் வீங்கியிருந்தது. அத்தை பார்த்துவிட்டு வெள்ளரிக்காய் நறுக்கிக் கொடுத்தார். கண்ணில் வைக்கவா தின்னவா என்று கேட்டேன். "ரெண்டும் பண்ணு" என்றார்.

இன்று அலுவலகம் மொத்தமும் ஆட்டத்தைச் சோதித்தார்கள். காலையிலிருந்து யாராவது செத்துக்கொண்டே இருந்தார்கள். யாசின் லாரியில் அடிபட்டார். சஞ்சீவி அகழியில் மூழ்கினான். டெல்பின் கோட்டைச் சுவரிலிருந்து குதித்தாள். ஒவ்வொரு மேசையிலும் ஒவ்வொருவர் செத்ததும் என் குரல் கேட்டது. "ஏனுங்க, இத்தன நேரமா? வாங்க, போலாம்." நான் பஜாரில் சாக்கடை மூடிகளைச் சரிசெய்துகொண்டிருந்தேன். காதை மூடிக்கொள்ளவில்லை.

டீ நேரத்தில் டெல்பின் தன் திரைக்குக் கூப்பிட்டாள்.

"அக்கா, இவ கூப்புடறா, ஆனா அவன் பாட்டுக்கு இவளத் தாண்டி நேரா ரோட்டுக்குப் போயிடறான். பாக்க ஒரு மாதிரி இருக்கு. அவன ஒரு பதிலாச்சும் சொல்ல வெக்கட்டுமா?"

"வேண்டாம். அவரு பேசமாட்டாரு. எப்பவும் முன்னாடி வேகமா நடந்துருவாரு. நாந்தான் பின்னாடியே போவேன்."

டெல்பின் விசைப்பலகையில் கை வைத்தாள். "அப்ப அவளையும் பின்னாடி போக வெக்கட்டுமாக்கா?"

திரையில் அவர் ரோட்டைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார். அவள் பிளாஸ்க்கோடு வாசலிலேயே நின்றாள்.

"வெய்யி" என்றேன். "ஆனா ரோடு வரைக்கும் போதும். அதுக்கப்பறம் அவரு போயிக்குவாரு."